கணிப்பொறியில் ஜெட் விமானத்தை இறக்குவது: ஒரு ரயில்வேக்காரனின் குறிப்புகள்

முப்பத்தெட்டு ஆண்டுகள் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளி, 2019-ல் ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமாக்காரன் விமானத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். எச்.ஏ.எல்.லிலும் என்.ஏ.எல்.லிலும் பணிபுரிந்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. என் பேச்சில் பிழை இருந்தால் அவர்கள் திருத்தட்டும். இது என் பேரனோடு உட்கார்ந்து, விழுந்து விழுந்து கற்ற பாடம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்குக் கோடை விடுமுறையில் அவன் அப்பா ஃப்ளைட் சிமுலேட்டர் மென்பொருளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் பையன் தேவனஹள்ளியிலிருந்து கிளம்பி மேகத்துக்கு மேலே போய்விட்டான். திரும்பி வரத்தான் தெரியவில்லை. "தாத்தா, ஏறத் தெரியுது, இறங்கத்தான் வரமாட்டேங்குது" என்றான். நம் வீடுகளில் இப்போது இந்த விளையாட்டு பரவி வருகிறது. "எங்க பையனும் ஓடுபாதைக்கு முன்னாலயே மோதிடறான் சார்" என்று சங்கத்து நூலகத்தில் ஒரு பெற்றோர் சொன்ன பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் தம் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் கிடைத்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். முதலில் அது பொருட்காட்சிப் பொம்மையாகத்தான் விலைபோயிற்று. 1934-ல் தபால் விமானங்கள் வரிசையாக விழுந்த பிறகே ராணுவம் அதை வாங்கியது. விழுந்தாலும் உயிர் போகாத இடத்தில் விழுந்து பழகுவதுதான் அதன் பயன்.

முதல் கோளாறு எங்கள் வீட்டில் மிக எளிதான ஒன்று. பத்துக் கடல்மைல் தொலைவில் 3000 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று பையன் எங்கோ படித்திருந்தான். விதி சரிதான். ஜெட் விமானம் சுமார் மூன்று பாகைச் சரிவில் இறங்குகிறது. ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 300 அடி. அதன்படி உயரமானியில் 3000 வரும்வரை இறக்கினான். "தாத்தா, மீட்டர் 3000-ன்னு காட்டுது, ஆனா தரை வந்துடுச்சு!" என்று கூவினான்.

அவனை அழைத்துக்கொண்டு கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? சென்னை சென்ட்ரலில் அது சில மீட்டர்தான். ஜோலார்பேட்டை தாண்டி மூச்சிரைக்க ஏறி இங்கே வரும்போது அது சுமார் 900 மீட்டர். விமானத்தின் உயரமானியும் கடல் மட்டத்திலிருந்தே அளக்கிறது. கெம்பேகௌடா விமான நிலையம் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. எனவே பத்து மைலில் உயரமானி 6000 காட்ட வேண்டும். ஐந்து மைலில் 4500. மூன்று மைலில் 3900. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினோம். பாதிக் கோளாறு அன்றே தீர்ந்தது.

பெங்களூரின் உயரம் இன்னொரு வேலையும் செய்கிறது. இங்கே காற்று மெலிது. வேகமானி காட்டுவது காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்ட வேகம். முப்பது டிகிரி வெயிலில் அது 140 நாட் காட்டும்போது (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), விமானம் உண்மையில் ஓடுவது 152 நாட் அளவில். அதே வெயிலில் சென்னையில் என்றால் 144 இருக்கும். வித்தியாசம் எட்டுதானே என்று நினைக்கலாம். ரயிலோட்டிகளுக்குத் தெரியும், நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகச் சென்னையைவிட இங்கே நிறுத்துவதற்குப் பத்தில் ஒரு பங்கு தூரம் அதிகம் வேண்டும். மீனம்பாக்கத்தில் நன்றாக இறக்கிய பையன் இங்கே ஓடுபாதைக் கடைசிவரை ஓடியதற்குக் காரணம் அதுதான்.

இறங்கும் வேகத்துக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. தரைமேல் ஓடும் வேகத்தை ஐந்தால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 150 நாட் என்றால் 750 அடி. ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. சிக்னல் பார்த்தே வயதானவனுக்கு இது ஒன்றுதான் உடனே புரிந்தது.

அடுத்த கோளாறு, உயரமாகவும் வேகமாகவும் வந்து சேர்வது. ஜெட் விமானம் வழுக்கும் உடம்பு கொண்டது. மூக்கைக் கீழே சாய்த்தால் இறங்கும், ஆனால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் இறங்காது. இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டால் கொடுக்காது. ஆகவே வேகத்தைக் குறைப்பதற்கென்றே சமதளமாகச் சில மைல்கள் ஒதுக்கிவிட வேண்டும். தரைக்கு மேல் பத்தாயிரம் அடியில் இருந்தால் முப்பது மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்குவது. அதோடு வேகம் குறைக்க இன்னும் எட்டுப் பத்து மைல். பையன்கள் இதைச் செய்யமாட்டார்கள். ஓடுபாதை கண்ணில் பட்டதும் நேரே குறிவைத்துக் குப்புறப் பாய்வார்கள்.

2010 மே 22 அன்று மங்களூரில் நடந்தது இந்த வகை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். பிழைத்தவர் எட்டுப் பேர். நம்மைப்போலப் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் அதில் ஏராளம். விசாரணை அறிக்கையின்படி, ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் 144 நாட் வேகத்தில் கடந்திருக்க வேண்டிய விமானம், சுமார் 200 அடி உயரத்தில் 160-க்கும் மேற்பட்ட வேகத்தில் கடந்தது. பேரனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூடுதலான 150 அடி உயரம், மூன்று பாகைச் சரிவில் ஏறத்தாழ 2860 அடி ஓடுபாதையை விழுங்கும். 144-க்குப் பதில் 160 என்றால், பிரேக் அடித்துக் கரைக்க வேண்டிய ஆற்றல் நூற்றுக்கு 23 பங்கு அதிகம். அந்த விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டது சுமார் 5200 அடி தாண்டி. ஓடுபாதையின் மொத்த நீளமே 8033 அடி, அதற்கப்பால் பள்ளம். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கி எழுந்தவர். இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று துணை விமானி சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1990 பிப்ரவரி 14. அப்போது எனக்கு வயது முப்பது. கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் வேலை; அல்சூரில் வாடகை வீடு. மதியம் ஒரு மணிக்குச் சற்றுப் பின் பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையை எட்டாமல் எச்.ஏ.எல். விமான நிலையத்தை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தில் விழுந்து எரிந்தது. ஏர்பஸ் ஏ-320, புத்தம் புதிய ரகம். அந்த நிறுவனத்தில் சேவைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இருந்தவர் 146 பேர். இறந்தவர் 92 பேர். மறுநாள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். போலீஸ் கயிற்றுக்கு இப்பால் கூட்டத்தோடு நின்றேன். எரிந்த வாசனை போகவில்லை. என்னை அரித்த கேள்வி ஒன்றுதான். வானம் தெளிவு. பட்டப்பகல். என்ஜின் இரண்டும் பழுதில்லை. ஓடுபாதை கண்ணெதிரே. பிறகு எப்படி விழுந்தது? ஷெட்டில் கணிப்பொறிதான் காரணம் என்றார்கள் சிலர்; விமானிதான் என்றார்கள் சிலர்.

விசாரணையில் வெளிவந்ததை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். அன்று ஓட்டியவர் கேப்டன் பதவிக்கான சோதனைப் பறத்தலில் இருந்தவர். பக்கத்தில் சோதிக்கும் கேப்டன். கடைசிக் கட்ட இறக்கத்தில் விமானத்தின் தானியங்கி, என்ஜின் விசையை மிகக் குறைந்த நிலையில், அதாவது ஐடிலில், வைத்துவிடும் ஒரு முறைக்குப் போய்விட்டது. இறக்க வீதத்தைச் சொல்லும் குமிழைத் திருப்புவதற்குப் பதில் பக்கத்தில் இருந்த உயரக் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பது அப்போது பேசப்பட்ட ஊகம். ஃப்ளைட் டைரக்டர் என்னும் கருவி இரண்டையும் அணைத்திருந்தால் வேகத்தைக் காக்கும் முறைக்குத் திரும்பியிருக்கும். ஒன்றுதான் அணைந்தது. விமானம் சரிவுக்குக் கீழே போவதைக் கண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். என்ஜின் ஐடிலில் இருக்க மூக்கைத் தூக்கினால் வேகம்தானே கரையும்? 132 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 106 வரை குறைந்தது. கடைசியில் முழு விசை கொடுத்தார்கள். என்ஜின் எழுவதற்குள் தரை வந்துவிட்டது.

இதைப் படித்தபோதும் எனக்கு முழுதும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, வீட்டு முன்னறையில் விளங்கியது. சிமுலேட்டரில் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் இன்னும் இருக்கிறது. (2008 மே 24-ல் பயணிகள் சேவை தேவனஹள்ளிக்குப் போய்விட்டது; ஓடுபாதை அங்கேயேதான் இருக்கிறது.) மேற்கேயிருந்து, நகரத்தின் பக்கமாக 09 என்ற ஓடுபாதைக்கு ஒரு போயிங் 737-ஐக் கொண்டுவந்தேன். சற்று உயரமாக இருந்தேன். த்ராட்டிலை அடியோடு இழுத்தேன். சரிவுக்கு வந்தேன்; த்ராட்டிலைத் திரும்பத் தள்ள மறந்தேன். விளக்கில் மூன்று சிவப்பு. மூக்கைத் தூக்கினேன். நான்கு சிவப்பு. இன்னும் தூக்கினேன். ஓடுபாதை கண்ணெதிரே இருந்ததால் வேகமானியைப் பார்க்கவே தோன்றவில்லை. பையன் "தாத்தா, ஸ்பீட்!" என்றான். த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி... ஒன்றும் நடக்கவில்லை. திரை சிவந்தது. வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் விழுந்தது அந்தக் கோல்ஃப் மைதானத்தில். அன்று மேற்கொண்டு விளையாடவில்லை.

அந்த நான்கு வினாடி எனக்குப் புதிதல்ல. எங்கள் டபிள்யூ.டி.எம்-2 என்ஜின் 2600 குதிரைத் திறன், டர்போ சார்ஜர் பொருத்தியது. ஐடிலில் கிடக்கும் என்ஜினை டிரைவர் சட்டென்று எட்டாவது நாட்சுக்குத் தூக்கினால் என்ன ஆகும்? டீசல் பாயும், டர்போ இன்னும் சுழன்று எழவில்லை, காற்று போதாது, கறுகறுவென்று புகைதான் வரும், இழுவை வராது. ஜெட் என்ஜினும் அப்படியே. ஐடிலிலிருந்து முழு விசைக்கு எழ 5 முதல் 8 வினாடி ஆகும். 750 அடி வீதத்தில் இறங்கும் விமானம் 100 அடி உயரத்திலிருந்து தரையைத் தொடவும் 8 வினாடிதான். ஆக நூறு அடியில் விழித்துக்கொண்டால் பயனில்லை என்று கணக்கே சொல்கிறது.

இதனால்தான் ஜெட் விமானங்கள் சக்கரத்தையும் முழு ஃபிளாப்பையும் விரித்துக்கொண்டு, அந்த இழுவையை எதிர்த்து என்ஜின் நடுத்தர விசையில் ஓடும்படி இறங்குகின்றன. பிரேக் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல வீண் செலவாகத் தோன்றும். என்ஜின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான் கேட்டவுடன் விசை கிடைக்கும் என்பதற்காகவே அந்தச் செலவு. சிமுலேட்டர் பயில்பவர்கள் தானியங்கி த்ராட்டிலை அணைத்துவிட்டு இதைக் கையால் பழக வேண்டும். வேகம் குறைந்தால் முதலில் த்ராட்டில், பிறகுதான் மூக்கு. வேகமானி, விளக்கு, ஓடுபாதை. வேகமானி, விளக்கு, ஓடுபாதை என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு பழகினாலும் சில சமயம் சரியாக வராது. அப்போது என்ன செய்வது என்பதில்தான் ரயில்வேக்காரனான எனக்கும் விமானத்துக்கும் ஒத்துப்போகவில்லை. எங்களுக்குப் பாதுகாப்பு என்றால் நிற்பது. சந்தேகமா, நிறுத்து. சிக்னல் பழுதானால் சிவப்பு விழும். குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடிக்கும். முப்பத்தெட்டு வருடமும் எனக்கு ஊறிப்போனது அதுதான். விமானத்துக்கு நிற்க இடம் ஏது? அதற்குப் பாதுகாப்பு என்றால் விசையும் உயரமும். சந்தேகமா, மேலே போ. இதைக் கோ-அரவுண்ட் என்கிறார்கள். நாங்கள் வீட்டில் மறுசுற்று என்கிறோம்.

எப்போது முடிவெடுப்பது? தரைக்கு மேல் 1000 அடியில், அதாவது பெங்களூரில் உயரமானி 4000 காட்டும்போது, ஒரு சோதனை. சக்கரமும் ஃபிளாப்பும் இறங்கியாயிற்றா? வேகம் குறித்த அளவுக்கு அருகில் இருக்கிறதா? இறக்கம் நிமிடத்துக்கு 1000 அடிக்குள் இருக்கிறதா? விளக்கு இரண்டுக்கு இரண்டா? என்ஜின் ஐடிலில் இல்லாமல் விசையோடு இருக்கிறதா? ஒன்று இல்லை என்றாலும் மறுசுற்று. தரைக்கு இன்னும் ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்று மனம் சொல்லும். கேட்கக் கூடாது. த்ராட்டில் முழுக்க; மூக்கு 15 பாகை மேலே; ஃபிளாப் ஒரு படி உள்ளே; உயரம் ஏறுவது உறுதியானதும் சக்கரம் உள்ளே. இந்த வரிசையில்.

பேரனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப தோத்த மாதிரி ஆகாதா தாத்தா?" என்றான். அந்த விளையாட்டுகளும் அப்படித்தான். இறங்கினால் மதிப்பெண் தருகின்றன, இறங்காமல் மேலே போனால் எதுவும் தருவதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் கணக்கை மாற்றினோம். நல்ல இறக்கத்துக்கு ஐந்து புள்ளி, சரியான நேரத்து மறுசுற்றுக்கும் ஐந்து புள்ளி. 1000 அடிச் சோதனையில் தேறாமல் இறக்கிவிட்டால், பட்டுப்போல இறக்கினாலும் பூஜ்யம். பாட்டிதான் நடுவர். அவருக்கு விமானம் தெரியாது. சீட்டில் உள்ள ஐந்து கேள்வியையும் உரக்கக் கேட்பார், அவ்வளவுதான். யாராவது ஒருவர் உரக்கக் கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளையாடிப் பார்த்தால் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதை தொடக்கத்தை 50 அடியில் கடந்து, 30 அடி வந்ததும் மூக்கை இரண்டு மூன்று பாகை மட்டும் தூக்கி, த்ராட்டிலை மூட வேண்டும். கண் ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். கீழே பார்த்தால் பயந்து அதிகம் தூக்குவோம். விமானம் மிதந்துகொண்டே போகும். துள்ளிவிட்டால் மூக்கைக் குத்தக் கூடாது. பிடித்த நிலையில் வைத்திருக்க வேண்டும். பெரிய துள்ளல் என்றால் மறுசுற்று. மெதுவாகத் தொட வேண்டும் என்ற ஆசையில் ஓடுபாதையைத் தின்பதைவிட, குறித்த இடத்தில் சற்று அழுத்தமாகத் தொடுவது மேல். 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் கோழிக்கோட்டில், பின்காற்றோடு வந்த விமானம் 8858 அடி ஓடுபாதையில் 4438 அடி தாண்டித்தான் தொட்டது. விமானிகள் இருவரும் சேர்த்து 21 உயிர்கள் போயின. தொட்டவுடன் இறக்கைமேல் தகடுகள் எழுகின்றனவா என்று பார்த்து, என்ஜினைப் பின்விசைக்கு மாற்றி, அதன்பின் பிரேக். தகடு எழாவிட்டால் எடை இறக்கையிலேயே இருக்கும்; சக்கரத்துக்குப் பிடிப்பு வராது. ஈரத் தண்டவாளத்தில் மணல் போடாமல் பிரேக் பிடித்த கதைதான்.

வீட்டில் பயில்பவர்கள் முதலில் காற்றில்லாத பகலையே தேர்ந்தெடுங்கள். பத்து மைல், 6000 அடி, 09 ஓடுபாதை. இதையே இருபது தடவை. அதில் ஐந்து தடவை, எல்லாம் சரியாக இருந்தாலும், வேண்டுமென்றே மறுசுற்று போகச் சொல்லுங்கள். கை பழகிவிடும். பக்கக் காற்றில் இறக்குவது தனிப் பாடம். எங்கள் வீட்டில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேற்றுக்கூடப் பேரன் மூன்று மறுசுற்று போனான், நான் இரண்டு.